வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

(அக்கரைப்பற்றில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். நிலம், நீர், மொழி, கல்வி ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய மேடை இது. ஆயினும் இன்று நம் கரையோரத்துக் குடும்பம் ஒன்று செய்யும் பெருஞ்செலவுகளுள் வீட்டுக்கும் திருமணத்துக்கும் அடுத்து நிற்பது வண்டிதான். அச்செலவைச் செய்யுமுன் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. செய்த பின் சட்டத்தைப் படிப்பதில்லை. இவ்விரு குறைகளாலும் காணி ஈடு போகிறது; நகை அடகு போகிறது; நீதிமன்றத்தின் படியேறவும் நேர்கிறது. ஆதலால் இது பேசப்பட வேண்டிய பொருளே.

மற்றொரு காரணமும் உண்டு. கால் வழங்காத ஒருவர் வண்டி ஓட்ட விரும்பினால் இந்நாட்டின் வரியும் விதியும் அவரை எவ்வாறு நடத்துகின்றன? இக்கேள்வியை நம் ஊர் மேடைகளில் நாம் கேட்டது மிகக் குறைவு. நலமுடைய ஒருவருக்கு வண்டி வசதியைத் தரும். நடக்க இயலாதவருக்கோ அது காலாகவே நிற்கும். வரி விதிக்கும்போதும் அனுமதி வழங்கும்போதும் இயந்திரத்தின் பருமனை அளக்கின்ற அரசு, அவ்வியந்திரத்தை நம்பியிருக்கும் மனிதனின் தேவையையும் அளக்க வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இதுவே.

வண்டி ஆடம்பரமா?

முதலில் நம் ஊரின் இருப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. நடுவே நீண்டு கிடக்கிறது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக வந்து கல்முனையைத் தாண்டி மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் வாழ்வோர்க்குப் புகையிரதம் என்பது பிறர் ஊர்ச் செய்தி. வீடு கரையில் இருக்கிறது. வயல் பல கட்டைக்கு அப்பால் இருக்கிறது. விதைப்புக் காலத்திலும் சூடடிப்புக் காலத்திலும் வாடிக்கும் வீட்டுக்குமாக ஒரு நாளில் இரு முறை போய்வர வேண்டும். மாவட்டத் தலைமை அலுவலகங்களோ அம்பாறை நகரில் இருக்கின்றன. பிரசவ வேதனை கண்டவளை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எந்தப் பஸ் வண்டி வரும்?

1958ஆம் ஆண்டு பஸ் சேவை நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, இலாபம் தராத பாதையிலும் பஸ் ஓடும் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்நம்பிக்கை முழுமையாக நிறைவேறியிருந்தால் நாம் இன்று கார் விலையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும். பொதுப் போக்குவரத்து எங்கே மெலிகிறதோ அங்கே ஏழையும் கடன்பட்டு வண்டி வாங்குகிறான். அவன் வாங்கியதைப் பார்த்து, 'ஆடம்பரம்' என்று எவரேனும் எழுதினால் அதை நாம் ஏற்பதற்கில்லை.

வாங்கும் விலை எங்கிருந்து வருகிறது?

இலங்கையில் கார் ஒன்றின் விலையில் பெரும் பகுதி வரியே. சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, விலை உயர்ந்த வண்டியாயின் ஆடம்பர வரி, இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெறுமதி சேர் வரி என அடுக்கடுக்காக வந்து அமர்கின்றன. உற்பத்தி வரி எரிபொருள் வண்டிக்கு இயந்திரக் கொள்ளளவைக் கொண்டும், மின்வண்டிக்கு மோட்டாரின் ஆற்றலைக் கொண்டும் கணிக்கப்படுகிறது. பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நூற்றுக்கு 18 ஆயிற்று. அது வண்டியின் அடக்க விலைமேல் மட்டும் விழுவதில்லை. முன்னர் விழுந்த வரிகளின் மேலும் விழுகிறது. 100 ரூபாப் பெறுமதியான பொருளுக்கு ஏனைய வரிகள் 100 ரூபா என்று கொண்டால், அந்த 18 வீதம் 200 ரூபாவுக்குக் கணிக்கப்பட்டுக் குறைந்தது 36 ரூபா ஆகும். வரிக்கும் வரி கட்டுகிறோம் என்பதன் பொருள் இதுதான்.

வெளிநாட்டுச் செலாவணி வற்றிய வேளையில், 2020 மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதியன்றுதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. பத்தாண்டு ஓடிய கார், வாங்கிய விலைக்கு மேல் விற்கப்பட்டதைக் கண்டு, 'கார் வாங்குவதும் காணி வாங்குவதும் ஒன்றுதான்' என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஊன்றிவிட்டது. இது ஆபத்தான எண்ணம். காணி தேய்வதில்லை, இரும்பு தேயும். பஞ்சத்தால் ஏறிய விலை, பஞ்சம் தீர்ந்தால் இறங்கும். இறக்குமதி திறந்துள்ள காலத்தில், வண்டியை விற்று இலாபம் காணலாம் என்று எண்ணிக் கடன்படுவோர் நிதானிக்க வேண்டும்.

வைத்திருக்கும் விலை

இனி, பலரும் கணக்கில் எடுக்காத செலவுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்க.

ஓர் ஆசிரியர் சிறிய கார் ஒன்றில் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் 83 லீற்றர் பெற்றோல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஏறத்தாழ 25,000 ரூபா. நான்கு ரயர்கள் 1,20,000 ரூபா. அவை 40,000 கிலோமீற்றர் உழைக்கும் என்றால் மாதம் 3,000 ரூபா. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிப் பராமரிக்க 20,000 ரூபா என்றால் மாதம் 4,000 ரூபா. முழுக் காப்புறுதி வருடம் 90,000 ரூபா என்றால் மாதம் 7,500 ரூபா. வருடாந்த அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றுக்கு மாதம் 1,000 ரூபா. ஆகக்கூடி 40,500 ரூபா. திடீரெனப் பழுதுபடும் பாகத்துக்கு இக்கணக்கில் இடமேயில்லை. வண்டியைக் கைக்காசு கொடுத்து வாங்கியவருக்கும் இச்செலவு உண்டு.

பெற்றோலின் விலை நம் கையில் இல்லை என்பதையும் 2022ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்று, ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவாயிற்று. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது, அளந்து ஊற்றினார்கள். வரிசையில் இரவுபகலாக நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அறுவடைக்கு நெல் விளைந்து நிற்கிறது, இயந்திரத்துக்கு டீசல் இல்லை என்று கமக்காரன் தவித்ததும் அவ்வேளையில்தான். 2023 செப்டெம்பரில் அப்பங்கீட்டு முறை நின்றது. ஆயினும் அது தந்த பாடம் நிற்க வேண்டும்: எரிபொருளுக்கு இன்று போதுமான வருமானம் இருக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள்; விலை இரட்டித்தாலும் தாங்குமா என்று கேளுங்கள்.

மாதத்தவணையும் இரு போக வருமானமும்

வண்டி வாங்குவோரிற் பலர் குத்தகை முறையில், அதாவது லீசிங்கில் வாங்குகின்றனர். 30 இலட்சம் ரூபாவை ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 14 வீத வட்டியில் பெற்றால் மாதத்தவணை ஏறத்தாழ 69,800 ரூபா. ஐந்தாண்டு முடிவில் கட்டியது 41 இலட்சத்து 88 ஆயிரம். பெற்ற பணத்துக்கு மேலாகக் கட்டியது ஏறத்தாழ 11 இலட்சத்து 88 ஆயிரம். முன்னர் கண்ட 40,500 ரூபாவையும் சேர்த்தால் மாதம் 1,10,000 ரூபாவுக்கு மேல் வருகிறது.

மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தருக்கு இது பாரமே. ஆனால் கமக்காரருக்கு இதில் இன்னொரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. குத்தகைக் கம்பனியின் நாட்காட்டியில் பன்னிரண்டு தவணைகள் உள்ளன. வயலின் நாட்காட்டியிலோ இரண்டே அறுவடைகள்: பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று. பசளை, களைகொல்லி, கூலி, உழவு என்று பணம் வெளியே போகும் மாதங்களிலும் தவணை வாசலில் வந்து நிற்கிறது. அப்போது தவணைக்காக அயலில் கைமாற்று. கைமாற்றுக்காக நெல்லை ஈரத்தோடு குறைந்த விலைக்கு விற்றல். வண்டி வாங்கிய கடன் வேளாண்மையையே தின்னத் தொடங்குவது இவ்வழியில்தான்.

ஆதலால் கமக்காரரே! கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள்: 'எமக்கு அறுவடைக்குப் பின் பெருந்தவணை, இடைமாதங்களில் சிறுதவணை என்று எழுதித் தருவீர்களா?' கையெழுத்துக்கு முன் கேட்பது பேரம். பின் கேட்பது மன்றாட்டம். பிந்திய தவணைக்குத் தண்டம் எவ்வளவு, கடனை முன்கூட்டியே தீர்த்தால் என்ன கழிவு, எத்தனை தவணை தவறினால் வண்டியைப் பறிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதையும் பாருங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பும் சகோதரர்கள் இஜாரா முறையை நாடுகின்றனர். அங்கும் வாடகை எவ்வளவு, தாமதத்துக்கு என்ன விதி, உரிமை எந்த நாளில் நம் பெயருக்கு மாறும் என்பனவற்றைக் கேட்டறிவது கடமையாகும். நல்ல பெயருடைய ஒப்பந்தத்தையும் வாசித்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

குத்தகை முடியும்வரை பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிற்பது கம்பனியே. நாம் பதிவு பெற்ற உரிமையாளர் மட்டுமே. இவ்வேறுபாட்டை அறியாதவர்கள், 'என் வண்டியை எப்படிப் பறிக்கலாம்?' என்று பின்னர் கேட்கின்றனர்.

ஏடுகள் நான்கு

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்நாட்டு வண்டிகளை ஆளும் மூலச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். அது பல முறை திருத்தப்பட்டுள்ளது. 2009ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றுள் முக்கியமானது. வண்டி வைத்திருப்பவர் கையில் நான்கு ஏடுகள் இருக்க வேண்டும்: பதிவுச் சான்றிதழ், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் செல்லும்போது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்ட வேண்டும். இந்த அனுமதி மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டது. நம் பிரதேச செயலகத்திலேயே பெறலாம். நாள் தப்பினால் தண்டம் உண்டு. வண்டி ஓடாமல் நிற்கப்போகிறதாயின், அது பாவனையில் இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்கவும் சட்டத்தில் வழியுண்டு. போகம் முடிந்து மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் இயந்திரத்தை உடையவர்கள் இதைப் பிரதேச செயலகத்திற் கேட்டறிவது நலம்.

மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமே பொறுப்பேற்கும். நம் வண்டி நசுங்கினால் ஒரு சதமும் தராது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும். எந்தப் பயன்பாட்டுக்கென்று காப்புறுதி எழுதப்பட்டதோ அப்பயன்பாட்டுக்கே அது துணைநிற்கும் என்பதையும் மறவாதீர்கள். நெல் மூட்டைக்கென்று உள்ள இழுவைப்பெட்டியில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இருட்டில் பின்விளக்கின்றி நெடுஞ்சாலையில் வருவது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. அந்தப் பெட்டியும் தனியே பதியப்பட வேண்டியது. கைஉழவு இயந்திரத்துக்கும் பெரிய உழவு இயந்திரத்துக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனித்தனி வகுப்புகள் உள்ளன. 'வயலுக்குத்தானே போகிறோம்' என்பது நெடுஞ்சாலையில் செல்லுபடியாகும் வாதமன்று.

விற்பனையில் நடக்கும் பெருந்தவறு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். உரிமைமாற்றப் படிவங்களில் வெற்றாகக் கையெழுத்திட்டு வண்டியைக் கொடுத்துவிடுகின்றனர். சந்தையில் இதற்கு 'ஓப்பன் பேப்பர்' என்று பெயர். அந்த வண்டி மூன்று, நான்கு கை மாறுகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. பின்னர் எங்கோ அவ்வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடினாலும், அதிற் கடத்தல் பொருள் அகப்பட்டாலும், காவல்துறை தட்டுவது ஏட்டில் உள்ள பெயருக்குரியவரின் கதவை. கைமாறிய 14 நாளுக்குள் விற்றவரும் வாங்கியவரும் மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. மாற்றுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி நிம்மதியை விற்றுவிடாதீர்கள். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயரிலேயே வண்டி ஓட்டுவோர்க்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

இங்கே மொழியின் செய்தியும் வருகிறது. வண்டித் தகட்டின் ஓர் எழுத்து இந்நாட்டு அரசியலை உலுக்கிய வரலாறு நமக்குண்டு. 1957இல் வண்டி இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. அதற்கெதிரான போராட்டம் 1958இல் வடக்குக் கிழக்கெங்கும் கொழுந்துவிட்டெரிந்தது. காலப்போக்கில் அவ்வெழுத்துப் போய் எண்கள் வந்தன. 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகள் வந்தன. தகட்டின் பிரச்சினை அவ்வாறு ஓய்ந்தது. ஆனால் குத்தகை ஒப்பந்தமும் காப்புறுதிப் பத்திரமும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நம் முன் நீட்டப்படுகின்றன. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது நம் உரிமை. தனியார் கம்பனியிடமும் தமிழ்ப் பிரதி கேளுங்கள். வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிட மாட்டோம் என்று நூறு பேர் சொன்னால் நூற்றோராவது நபருக்குத் தமிழ்ப் பிரதி கிடைக்கும்.

கால் இழந்தவர் கேட்கும் கேள்வி

இதுவரை கூறிய செலவும் விதியும் அனைவர்க்கும் பொது. இவையனைத்துக்கும் மேலாக இன்னொரு பாரத்தைச் சுமப்பவர் மாற்றுத்திறனாளி.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையவர்கள். போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடற்கோளையும் கண்ட கரை இது. நீரிழிவால் காலை இழப்போரும், வீதி விபத்தால் முதுகெலும்பு முறிந்தோரும், இளமையில் போலியோ கண்டோரும் நம் ஒழுங்கைகளிலேயே வாழ்கின்றனர். பஸ் வண்டியின் உயர்ந்த படி அவர்களுக்குச் சுவர். முச்சக்கர வண்டியை வாடகைக்கு அமர்த்தினால் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பணம் வேலைக்குப் போவதற்கே சரியாகிவிட்டால் அவர் எதற்காக வீட்டைவிட்டு வெளியே வருவார்?

அவர் வண்டி ஓட்ட முடியுமா? முடியும். இடக்கால் இல்லாதவர் தன்னியக்கக் கியர் உள்ள காரை எந்த மாற்றமும் இன்றி ஓட்டலாம். அதில் இடக்காலுக்கு வேலையே இல்லை. வலக்கால் இல்லாதவருக்கு வேக மிதியை இடப்பக்கம் மாற்றிப் பொருத்தலாம். இரு கால்களும் வழங்காதவருக்குத் தடையையும் வேகத்தையும் கையால் இயக்கும் நெம்புகோல் உண்டு. ஒரு கையே உள்ளவருக்குச் சுக்கானில் பிடிகுமிழ் பொருத்தலாம். ஸ்கூட்டரின் பின்புறத்தில் இரு சக்கரங்களை இணைத்தால் கால் ஊன்றாமலே நிறுத்தலாம். இவை யாவும் உலகில் பல பதிற்றாண்டுகளாக வழங்கிவரும் ஏற்பாடுகள்.

ஆனால் அவர் பாதையில் மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது வைத்தியச் சான்றிதழ். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் இன்றிச் சாரதி அனுமதிப்பத்திரம் எவருக்கும் இல்லை. வீதியில் செல்வோரின் உயிரைக் காக்க இவ்வாயில் தேவையே. அதை அகற்றுமாறு நாம் கேட்கவில்லை. அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி 'உனக்கு என்ன குறை?' என்பதோடு நின்றுவிடலாகாது. 'எந்த மாற்றம் செய்த வண்டியை நீ பத்திரமாக ஓட்டுவாய்?' என்று தொடர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இரண்டாவது வாயில் வண்டியின் மாற்றம். பதிவிலுள்ள விவரத்தை மாற்றும் எந்த வேலைக்கும் திணைக்களத்தின் ஏற்பு வேண்டும். ஊர்ப் பட்டறையில் இரு சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு ஏற்புப் பெறாமல் ஓடுபவர், விபத்து நேர்ந்த நாளில் காப்புறுதியின் துணையை இழக்கக்கூடும். மூன்றாவது வாயில் வரி. தன்னியக்கக் கியரும் கைநெம்புகோலும் அவருக்குக் கட்டாயம். அவற்றால் வண்டியின் விலை ஏறினால், ஏறிய விலைக்கும் வரி. உடற்குறைக்கே வரி விதிப்பது போலாகிறது இது!

பிற நாடுகள் கற்ற பாடம்

பிரித்தானியா இதில் ஒரு பிழையைச் செய்து, பின் திருத்திக்கொண்டது. 1948 முதல் தேசிய சுகாதார சேவையின் வழியாக நடக்க இயலாதோர்க்கு ஒற்றை ஆசனமுள்ள முச்சக்கர மோட்டார் வண்டியை அரசு இலவசமாக வழங்கிற்று. நோக்கம் நன்று, ஆனால் அதில் மனைவியையோ குழந்தையையோ ஏற்ற இடமில்லை. குடும்பத்தினர் பஸ்ஸிலும் தலைவன் தனி வண்டியிலும் போக வேண்டியதாயிற்று. வண்டியின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாயிற்று. 1976இல் போக்குவரத்து உதவித்தொகை தொடங்கப்பட்டது. 1977இல் 'மோட்டபிலிட்டி' என்ற அமைப்புத் தோன்றி, அவ்வுதவித்தொகையையே குத்தகைப் பணமாக ஏற்றுச் சாதாரணக் காரை வழங்கத் தொடங்கிற்று. அந்தப் பழைய ஒற்றை ஆசன வண்டிகள் 2003 மார்ச்சு 31ஆம் திகதியோடு வீதியிலிருந்து விலக்கப்பட்டன. மனிதனைத் தனிமைப்படுத்தும் உதவி நெடுநாள் நிலைக்காது என்பதே அந்த வரலாறு.

அண்டை நாட்டையும் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெற்றோல் ஸ்கூட்டர்களைக் கால் பாதிக்கப்பட்டோர்க்கு விலையின்றி வழங்கிவருகிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'நோயாளர் வண்டி' என்ற பொருள்பட இருந்த சொல், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'மாற்றியமைக்கப்பட்ட வண்டி' என்றாயிற்று. சொல் மாறியபோது பார்வையும் மாறுகிறது. முன்னையது ஓட்டுபவரின் குறையைப் பேசிற்று. பின்னையது வண்டியின் அமைப்பைப் பேசுகிறது. செவிப்புலன் அற்றோர், சாரதிப் பரீட்சையில் தேறினால் அனுமதி பெறலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2011இல் வழிதிறந்தது.

நம் நாடும் வாக்குக் கொடுத்திருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணமாகக் காட்டி எவரையும் வேலையிலோ பொது இடங்களிலோ ஒதுக்கலாகாது என்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தின் 20ஆவது உறுப்புரை, அவர்கள் தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும், தாங்கக்கூடிய செலவிலும் நடமாட வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. 'தாங்கக்கூடிய செலவு' என்ற சொல்லை நன்கு மனங்கொள்க. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒப்பமிட்டதை நிறைவேற்றுமாறே கேட்கிறோம்.

நாம் வேண்டுவது

ஒன்று: மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கென அமைந்த வண்டிக்கும் அதன் கருவிகளுக்கும் எந்த அளவு வரிக்குறைப்பு, யாருக்கு, எந்தச் சான்றின் மேல் என்பது ஒரே பக்கத்தில், தமிழிலும் எழுதி, ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் சுவரிலும் ஒட்டப்படவேண்டும். சலுகை இருந்தும் அது தெரியாமற் போனால் இல்லாததற்குச் சமம்.

சலுகை வண்டியைச் செல்வர் வாங்கிவிடுவர் என்று மறுப்போர் உண்டு. அவ்வச்சம் காரணமற்றதன்று, அரச உத்தியோகத்தர்க்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் பல ஆண்டுகள் வழங்கப்பட்ட வரிச்சலுகைப் பத்திரங்கள் பிறர் கைக்கு மாறிய கதை நாடறிந்தது. அதற்குப் பரிகாரம் சலுகையை மறுப்பதன்று. ஒருவர்க்கு ஒரு வண்டி, குறித்த ஆண்டுகள்வரை விற்கத் தடை, அத்தடை பதிவுச் சான்றிதழிலேயே பொறிக்கப்படல் என்ற மூன்றும் போதும். பதவிக்குச் சலுகை தந்த நாடு, நடக்க இயலாமைக்குத் தர முடியாது என்று சொல்லலாகாது.

இரண்டு: ஏற்கத்தக்க மாற்றங்களின் பட்டியலைத் திணைக்களம் வெளியிட வேண்டும். கையால் இயக்கும் தடை, பின் இணைப்புச் சக்கரம் என்பன எந்த அளவில் அமைந்தால் ஏற்கப்படும் என்று பட்டறைக்காரருக்குத் தெரிய வேண்டும். வைத்தியச் சோதனையும் ஓட்டப் பரீட்சையும் நம் மாவட்டத்திலேயே, தமிழ் மொழியில், அவரவர் ஓட்டப்போகும் மாற்றிய வண்டியிலேயே நடத்தப்பட வேண்டும்.

மூன்று: அக்கரைப்பற்று மாநகர சபையும் ஆலையடிவேம்புப் பிரதேச சபையும் வைத்தியசாலை, பிரதேச செயலகம், சந்தை, வங்கி ஆகியவற்றின் வாசலருகே மாற்றுத்திறனாளியின் வண்டிக்கென ஓர் இடத்தைக் கோடிட்டு ஒதுக்க வேண்டும். இதற்குக் கொழும்பின் உத்தரவு தேவையில்லை. ஒரு வாளி வர்ணமும் ஒரு தீர்மானமும் போதும். பள்ளிவாசல்களும் கோயில்களும் தம் வாசலில் முதலில் இதைச் செய்து காட்டலாம்.

நான்கு: கமக்காரருக்குப் போகத்தவணை முறையில் வண்டிக்கடனும் உழவு இயந்திரக் கடனும் வழங்குமாறு வங்கிகளையும் கம்பனிகளையும் நம் விவசாய அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். தனித்தனியே கேட்டால் அது விண்ணப்பம். கூடிக் கேட்டால் அது கோரிக்கை.

அரசிடம் இவற்றைக் கேட்கும் நாம், நம் கடமையிலும் குறைவைக்கலாகாது. காப்புறுதியின்றி ஓடும் வண்டி நாளை ஒருவரின் காலைப் பறிக்கும்; பறித்த பின் நட்டஈடு கொடுக்கவும் வழியிராது. இன்று நாம் யாருக்காகப் பேசினோமோ அவருடைய எண்ணிக்கையை நம் அசட்டையே பெருக்கும். இந்த வாரத்துக்குள் உங்கள் வீட்டு வண்டியின் நான்கு ஏடுகளையும் எடுத்துப் பாருங்கள். பெயர் சரியா, நாள் தப்பவில்லையா, பயன்பாடு பொருந்துகிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்க எண்ணுவோர் மாதச் செலவை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெண்களோடும் பிள்ளைகளோடும் கலந்து பேசிய பின் முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஒழுங்கையில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் ஓர் இளைஞர் இருப்பார். அவரிடம் போய், 'வண்டி ஓட்ட விருப்பமா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் அவருடன் வைத்தியச் சான்றிதழுக்கு ஒருவர் துணையாகச் செல்லுங்கள். எந்த வாயிலில் தடுக்கப்பட்டார், என்ன காரணம் கூறப்பட்டது என்பதை எழுதி வாங்கி வாருங்கள். அவ்வெழுத்துகள் பத்துச் சேர்ந்தால் அவற்றோடு மாவட்டச் செயலகத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் நாம் செல்வோம்.